மழையில் உள்ளே வர மறுத்த படுக்கையறை

என் பெயர் டெல்மர் வெஸ்ட்பி. அஸ்டோரியாவில் கூரை போடுகிறவனாகவே காலத்தை ஓட்டி ஓய்வு பெற்றவன். ஆரிகன் கடற்கரையில் மழை விருந்தாளி இல்லை, வீட்டு ஆள். அப்படிப்பட்ட ஊரில் கூரைக்காரனுக்கு எவ்வளவு மதிப்பு இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. என் வேனின் பக்கவாட்டில் ‘மழை வெளியே, நீங்கள் உள்ளே’ என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தேன். என் சொந்த வீட்டுச் சமையலறையில் மட்டும் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு வாளி நின்றுகொண்டே இருக்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஏறிப் பார்க்கிறேன், அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏறிப் பார்க்கிறேன் என்று சொல்லிச் சொல்லியே வயதாகிவிட்டது. கடைசியில் வீட்டை விற்றபோது, பார்க்க வந்தவர் கேட்ட முதல் கேள்வியே, “இந்த வாளி எதுக்கு?” என்பதுதான்.

என் மனைவி நோரீன் முந்திக்கொண்டாள். “எம் புருஷன் கூரை போடறவன்,” என்றாள்.

வீட்டை விற்று, வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போகிற டிரெய்லர் வீடு வாங்கியது என் யோசனை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது என்று என் தம்பி சொன்னான். ஓணான் அப்போது பளபளவென்று வெள்ளையாக, பக்கத்தில் நீலக் கோடு போட்டு, விற்பனைக்காரர் முற்றத்தில் நின்றது. அதில் ஒரு வித்தை இருந்தது. பொத்தானை அழுத்தினால் படுக்கையறை, மேசை இழுப்பறை மாதிரி, சுவரோடு சேர்ந்து வெளியே நீளும். ஓட்டிப் போகும்போது உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். இந்த நீளும் அறையை எங்கள் கூட்டத்தில் ஸ்லைடு என்போம். விற்பனைக்காரர் அழுத்திக் காட்டினார். நான் நாலு தடவை அழுத்திப் பார்த்தேன். ஐந்தாவது தடவை நோரீன் என் கையைத் தட்டிவிட்டாள்.

அவளுக்கு ஊர் சுற்றுவதில் பெரிய ஆசை இல்லை. இருந்தும் வந்தாள். முட்டி வலிக்காரி, ஈரம் ஆகாது. “எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும் டெல். ராத்திரி காஞ்ச படுக்கையில படுக்கணும்,” என்றாள்.

“கூரைக்காரன் பொண்டாட்டிக்கு இது ஒரு கவலையா?” என்றேன்.

முதல் தடவை மொன்டானாவில் படுக்கை நனைந்தது. மழையில் கிளம்பும்போது ஸ்லைடின் மேல் தேங்கியிருந்த தண்ணீரை வழித்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அறை உள்ளே போனதும், மேலே இருந்த தண்ணீரும் கூடவே போய்ப் படுக்கையில் கொட்டியது. இரண்டாவது தடவை வாஷிங்டனில். அந்த முறை தண்ணீரை வழித்தேன். ஆனால் குப்பையும் ஊசியிலையும் ஸ்லைடைச் சுற்றி இடைவெளியை அடைக்கிற ரப்பர் பட்டையில் சிக்கி, அந்தச் சந்து வழியாக உள்ளே ஒழுகியது. மெத்தை ஒரு வாரத்துக்கு நனைந்த நாய் மாதிரி நாறியது. நோரீன் உட்கார்ந்தபடியே நாற்காலியில் தூங்கினாள். ஒரு காலையில் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியாமல் அப்படியே இருந்தாள். சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“இன்னொரு வாட்டி படுக்கை நனைஞ்சா, நான் யூமாவுக்குப் போயிடுவேன், டெல். ஜெனீவ் வீட்டுல ஒரு ரூம் காலியாத்தான் இருக்கு. அங்க மழையே பெய்யாது,” என்றாள். ஜெனீவ் அவள் அக்கா. அரிசோனாப் பாலைவனத்தில் ஏர்கண்டிஷனரோடு குடித்தனம் நடத்துகிறவள்.

நோரீன் சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை. சொன்னால் சொன்னதுதான். ஒரு தடவை என் மீன்பிடிப் படகை விற்றுவிடுவேன் என்று சொன்னாள், நான் சிரித்தேன், சனிக்கிழமை படகு இல்லை.

எனவே டில்லமூக் பக்கம் டிரெய்லர்கள் தங்குகிற கடற்கரைப் பூங்காவில் வந்து இறங்கியதும் நான் காரியத்தில் இறங்கினேன். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஏணியில் ஏறி, ஸ்லைடுக் கூரையும் டிரெய்லர்ச் சுவரும் சேரும் இடத்தைப் பார்த்தேன். விரல் நுழைகிற மாதிரி இடைவெளி. எந்தக் கூரைக்காரனுக்கு இடைவெளியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வரும்? வண்டியின் அடியில் கூரைக்குப் பூசும் கறுப்புத் தார்ப்பசை டப்பா இருந்தது. தொழிலை விட்டும் டப்பாவை விடவில்லை. ரப்பர் பட்டை முழுக்க, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும், தடிமனாகப் பூசினேன். கீழே இறங்கி நின்று பார்த்தபோது என் வாழ்நாளிலேயே இவ்வளவு நேர்த்தியாகப் பூசியதில்லை என்று தோன்றியது.

அன்று சாயங்காலம் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது அக்கம்பக்கத்தாருக்கெல்லாம் பாடம் நடத்தினேன். அடுத்த இடத்தில் தங்கியிருந்த ஹார்லன், ஐடஹோவில் உருளைக்கிழங்கு லாரி ஓட்டியவன், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

“ஏம்ப்பா, வீட்டுக் கூரை ஒரே இடத்துல கெடக்கும். இது போகுது, வருதே?” என்றான்.

“தண்ணிக்கு அதெல்லாம் தெரியாது,” என்றேன். உனக்கும் வேண்டுமானால் பூசித் தருகிறேன் என்று வேறு சொன்னேன். நல்ல வேளை, அவன் ஒப்புக்கொள்ளவில்லை.

கிளம்ப வேண்டிய காலையில் மழை பிடித்துக்கொண்டது. சாரல் இல்லை, அசல் கடற்கரை மழை. எங்கள் இடத்துக்கு அடுத்து வருகிறவர்கள் சீக்கிரமே வந்து, டிரெய்லரோடு பாதையில் நின்றுகொண்டிருந்தார்கள். இளசுகள். கண்ணாடித் துடைப்பான் ஆட ஆட எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூங்காவைக் கவனித்துக்கொள்கிற ட்வைலா, மஞ்சள் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு வந்தாள். அவளும் எங்களைப் போல டிரெய்லர்க்காரிதான். இலவசமாகத் தங்க இடம் கிடைக்கும், பதிலுக்குக் கழிப்பறையைக் கழுவி எல்லாரையும் விரட்டுவாள்.

“மதியத்துக்குள்ள காலி பண்ணணும், டெல்மர். அவங்க காத்துக்கிட்டிருக்காங்க பாருங்க.”

“ஒரு பொத்தான் அழுத்தணும், அவ்வளவுதான்,” என்றேன்.

நோரீன் உள்ளே பொத்தானுக்குப் பக்கத்தில் நின்றாள். நான் வெளியே. “அழுத்து!” என்று கத்தினேன். மோட்டார் முனகியது. அறை அசையவில்லை. மறுபடி அழுத்தச் சொன்னேன். டிரெய்லர் மொத்தமும் ஒரு தடவை குலுங்கி அப்படியே நின்றது. என் தார்ப்பசை, நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகப் பிடித்திருந்தது. வாடிக்கையாளர் யாராவது இருந்திருந்தால் பாராட்டியிருப்பார்.

எங்கள் டிரெய்லர் மக்களிடம் ஒரு பழக்கம் உண்டு. யாராவது டிரெய்லரோடு மல்லுக்கட்டுகிறான் என்று தெரிந்தால், மழையானாலும் இடியானாலும் காபிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு வந்து சுற்றி நின்றுவிடுவார்கள். கோப்பைக்குள் மழை விழுந்தாலும் நகர மாட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். ஒருத்தர் இலை ஊதும் இயந்திரம் கொண்டுவரட்டுமா என்றார். இன்னொருத்தர் ஆள் சேர்த்துத் தள்ளலாம் என்றார். ஒரு பாட்டியம்மா என் முட்டாள்தனத்தைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

நான் சுரண்டும் தகட்டை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். அப்போதுதான் பார்த்தேன். சுவரோரத்தில் நான் பூசிய தார்ப்பசை வரப்பு மாதிரி நின்றிருந்தது. அதற்குப் பின்னால் ஸ்லைடுக் கூரை முழுக்கத் தண்ணீர். சொட்டு இல்லை, குளம். வாத்து ஒன்றுதான் குறை.

தாரைச் சுரண்டினேன். கை, சட்டை, தாடி எல்லாம் கறுப்பு. ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன்; தாரோடு சேர்ந்து ரப்பர் பட்டையும் நீளமாகக் கையோடு வந்தது.

“அதைப் பிடுங்காதய்யா!” என்று கீழிருந்து ஹார்லன் கத்தினான். “அதுதான் உள்ள போறப்ப தண்ணிய வழிக்கிறது!”

“எனக்குத் தெரியும்,” என்றேன். சத்தியமாகத் தெரியாது.

“சரி, போனது போகட்டும். அந்தப் பக்கத்து ஜாக்கியை இறக்கி வண்டியைக் கொஞ்சம் வெளிப்பக்கமா சாய்ச்சு விடு. தண்ணி தானா ஓடிடும். மிச்சத்தை வைப்பரால வழி. அப்புறம் அரை அடி இழு, தொடை. அரை அடி இழு, தொடை. அவசரப்படாத.”

சரியான யோசனை. அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது. கூரை விஷயத்தில் உருளைக்கிழங்குக்காரன் எனக்குச் சொல்லித் தருவதா? இந்தப் பக்கம் ட்வைலா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், அந்தப் பக்கம் இளசுகளின் வண்டி ஹாரன் ஒரு தடவை மெதுவாக அடித்தது. ஏணியில் நின்றபடி வைப்பரால் கை எட்டிய வரைக்கும் வழித்தேன். எட்டாத இடத்தில் குளம் அப்படியே இருந்தது.

“டெல்! மேல தண்ணிய வழிச்சிட்டியா?” உள்ளேயிருந்து நோரீன்.

“வழிச்சாச்சு!”

“முழுசாவா?”

“அழுத்துடி!”

அழுத்தினாள். இந்த முறை அறை நகர்ந்தது. நான் ஏணியில் நின்றபடியே பார்த்தேன்: என் குளம் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல், மெதுவாக, மரியாதையாகச் சுவருக்கு அடியில் நுழைந்து உள்ளே போனது. வழிப்பதற்கு ரப்பர் இல்லை. ரப்பர் என் கையில் இருந்தது. உள்ளே சலசலவென்று கொட்டுகிற சத்தம் கேட்டது.

ஹார்லன் தொப்பியைக் கழற்றினான், சாவு வீட்டில் கழற்றுகிற மாதிரி.

யானைக்கும் அடி சறுக்கும் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம்தான். நான் யானை இல்லை. ஏணியை விட்டு இறங்கினேன். டிரெய்லர்க் கதவுக்கு முன் நின்றேன், திறக்கக் கை வரவில்லை. அவள் போய்விடுவாள். சொன்னால் செய்கிறவள். அவள் இல்லாமல் இந்த வெள்ளை டப்பாவை இழுத்துக்கொண்டு நான் எந்த ஊருக்குப் போவேன், எந்தக் கடலை யாருக்குக் காட்டுவேன்? இத்தனை காலம் கூட வந்தவளுக்கு ஒரு காய்ந்த படுக்கை தர முடியாத கையாலாகாதவன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கதவைத் திறந்தேன்.

படுக்கைக்கு மேல் குளியலறைத் திரை விரித்திருந்தது. பிளாஸ்டிக் திரை. அதன் மேல் விளிம்பை ஸ்லைடுக் கூரையின் உள்விளிம்பில் துணி மாட்டும் கிளிப்புகளால் வரிசையாகக் கவ்வ வைத்து, கீழ் விளிம்பைச் சரிவாக இழுத்துத் துணி துவைக்கும் தொட்டியில் விட்டிருந்தாள். தொட்டி நிறைந்து ததும்பியது. கூரைக்காரனாகச் சொல்கிறேன், சரிவு அச்சுப் பிசகாமல் இருந்தது. ஒரு மூலையில் மட்டும் கிளிப்புகள் பிய்த்துக்கொண்டு விட்டிருந்தன. அந்த மூலையை நோரீன் கையால் தூக்கிப் பிடித்தபடி படுக்கையோரமாக நின்றாள். இன்னொரு கை இன்னும் பொத்தானில் இருந்தது.

“தொட்டுப் பாரு,” என்றாள்.

தாரில்லாத ஒரு விரலைத் தேடிக் கண்டுபிடித்துத் தொட்டேன். மெத்தை, போர்வை, தலையணை எல்லாம் காய்ந்து கிடந்தன.

“எப்பக் கட்டின?”

“காலையில. நீ ஏணியை எடுக்கறப்பவே.”

“நான் சொதப்பிடுவேன்னு அவ்வளவு உறுதியா உனக்கு?”

“உங்கூட இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேனே. உன்னைத் தெரியாதா?” திரையை மெதுவாகக் கீழே விட்டாள். “எனக்கு யூமா பிடிக்காது, டெல். ஜெனீவையும் அவ்வளவாப் பிடிக்காது. நனைஞ்சா போவேன்னு வாய் தவறிச் சொல்லித் தொலைச்சிட்டேன். சொன்னா செய்யணும். அதான் நனையாமப் பார்த்துக்கிட்டேன்.”

அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தேன். பிய்ந்த மூலை வழியாக வந்த தண்ணீர் முழுக்க அவள் மேலேதான் கொட்டியிருந்தது. தலை, தோள், சட்டை எல்லாம் சொட்டச் சொட்ட நின்றாள். பல் லேசாகத் தந்தியடித்தது.

“நோரீன், நீ தொப்பலா நனைஞ்சிருக்கியே!”

“படுக்கை நனைஞ்சான்னுதானே சொன்னேன். என்னைப் பத்தி ஒண்ணும் சொல்லலியே,” என்றாள்.

ட்வைலா வெளியே கதவைத் தட்டினாள். நான் துண்டை எடுத்து நோரீன் தலையைத் துவட்டி முடிக்கும் வரைக்கும் திறக்கவில்லை.