தபசு மரத்தில் சீரியல் லைட்

பாகூர் பக்கம் எங்கள் ஊர் திரௌபதி அம்மன் திருவிழாக் கூத்தில், அருச்சுனன் ஏறும் தபசு மரத்தை நடுவது என் வேலை. பனைமரத்தைச் சீவி, குழியில் இறக்கி, ஏறுவதற்குக் குறுக்குக் கட்டைகள் அடிப்பேன். உச்சியில் உட்காரப் பலகை வைப்பேன். ஏறும் முன் மரத்துக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள்.

இந்த வருஷம் கமிட்டித் தலைவர் மரம் முழுக்க சீரியல் லைட் சுற்றச் சொன்னார்.

"ஈர மரம்ணா. கரண்டு வேணாம். எட்ட ஒரு போக்கஸ் லைட்டு வெச்சிக்கலாம். ஆளு செத்துடுவான்."

"ஏறப்போறது அவன். உனக்கு இன்னாடா நடுங்குது? வீடியோல மரம் பளபளன்னு தெரிய வேணாமா?"

வேறு ஆளை வைத்துச் சுற்றிவிட்டார்கள். லைட் கடை ஒயரில் அங்கங்கே டேப் ஒட்டியிருந்தது.

அருச்சுனன் வேஷக்காரர் பாதி மரம் ஏறியதும் அவர் உடம்பு உதறியது. அருள் வந்துவிட்டது என்று சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. மேளக்காரர்கள் இன்னும் வேகமாக அடித்தார்கள். நான் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினேன். அவர் பொத்தென்று விழுந்தார். உயிர் இல்லை.

"விரதத்தை முறிச்சிருப்பான், அம்மா விடுவாளா?" என்றார் தலைவர். ஊரும் அதையே பேசுகிறது.

செத்தவரின் பெண்சாதி என்னிடம் வந்து, "நீயாவது சொல்லுண்ணா," என்று அழுதாள்.

சொல்கிறேன். காப்புக் கட்டிய நாளிலிருந்து அவர் என்னோடுதான் சாப்பிட்டார். கறி மீன் தொடவில்லை. அவரைக் கொன்றது கரண்டு.