அவளுடைய இமை முடிகள்

அலாரம் அடித்து ஓய்ந்த பிறகு எத்தனை நிமிடம் ஆகியிருக்கும்? ஐந்தா, பதினைந்தா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அப்போது மேற்குத் தாம்பரத்தில் ஒரு வீட்டின் கீழ் போர்ஷனில் குடியிருந்தோம். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்திருந்தும், ஒன்றரை வயதுப் பையனை விட்டுவிட்டு வேலைக்குப் போக மனம் வரவில்லை. குரோம்பேட்டை பார்லர் ஒன்றில் மூன்று மாதம் கோர்ஸ் படித்து, முன்னறையில் ஒரு சாய்வு நாற்காலி போட்டேன். பெரும்பாலும் புருவம் திருத்தத்தான் வருவார்கள். இமை முடியை மேல்நோக்கி வளைத்து நிறுத்தும் ஐலேஷ் பெர்மிங் அப்போது புதிது. கோர்ஸில் கற்றுக்கொண்டேனே தவிர, தனியாக இரண்டு பேருக்குத்தான் செய்திருந்தேன்.

மாடி போர்ஷனில் இருந்த பெண்ணுக்கு இருபத்தெட்டு வயது. திருமுடிவாக்கத்தில் ஒரு கம்பெனி ஆபீஸில் வேலை பார்த்தாள். நீளமான இமை முடி, ஆனால் ஓலைக்கூரை மாதிரி நேராகக் கீழே சரிந்து பாதிக் கண்ணை மறைக்கும்.

"போன தடவை பொண்ணு பாக்க வந்தாங்கள்லக்கா, அந்தப் பையனோட அத்தை என்ன கேட்டாங்க தெரியுமா? பொண்ணுக்குத் தூக்கம் வருதா, நாங்க வேணா அப்புறமா வரட்டுமான்னு!"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நானும் சிரித்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னொரு வீட்டார் வருவதாக இருந்தது. சனிக்கிழமை மதியம், பையன் தூங்கியதும் அவளை வரச் சொன்னேன்.

வேலை இவ்வளவுதான். தீக்குச்சியைவிட மெல்லிய, வளையக்கூடிய ஒரு குச்சியை மேல் இமையில் பசை தடவி ஒட்ட வேண்டும். இமை முடிகளை ஒவ்வொன்றாக அதன்மேல் ஏற்றிப் படிய வைக்க வேண்டும். முதல் லோஷன் முடிக்குள் இருக்கும் பிணைப்புகளைத் தளர்த்தும். தளர்ந்த முடி குச்சியின் வளைவுக்கு இணங்கும். பத்து நிமிடத்தில் அதைத் துடைத்துவிட்டு இரண்டாவது லோஷன் தடவினால், பிணைப்புகள் அந்த வளைவிலேயே மறுபடி இறுகிவிடும். பழைய முடி உதிர்ந்து புது முடி வரும்வரை, ஒன்றரை இரண்டு மாதம் அப்படியே நிற்கும். முதல் லோஷன் நேரம் கடந்து இருந்தால் முடி முறுகி ஒடியும். கெமிஸ்ட்ரி படித்தவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதல் லோஷன் தடவி, செல்போனில் பத்து நிமிடத்துக்கு அலாரம் வைத்தேன். சிறிது நேரத்தில் உள்ளறையில் 'தொம்' என்று சத்தம். பையன் கட்டிலிலிருந்து விழுந்திருந்தான். நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிவிட்டது. வாயைத் திறந்தவன் மூச்சே விடாமல் நீலம் பாரித்துப்போய், பிறகுதான் வீறிட்டான். தூக்கித் தோளில் போட்டேன், ஐஸ் எடுத்தேன், வாந்தி எடுக்கிறானா என்று பார்த்தேன்.

"அக்கா, அலாரம் அடிக்குது," என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது.

"ஒரு நிமிஷம்மா!"

"பரவால்லக்கா, குழந்தையப் பாருங்க. கண்ண மூடிக்கினு நான் எங்க ஓடப்போறேன்?"

அவள் சொன்னதை நம்பினேன் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். உண்மையில், அந்த நேரம் அவள் என் நினைவிலேயே இல்லை.

பையன் அடங்கியதும் ஓடிப்போய்த் துடைத்தேன். இரண்டாவது லோஷனும் போட்டேன். குச்சியை எடுத்தபோது முடிகள் சூடு பட்ட நூல் போலச் சுருண்டிருந்தன. "முதல்ல அப்படித்தான் இருக்கும், நாளைக்குச் சரியாயிடும்," என்றேன்.

மறுநாள் காலை துண்டோடு வாசலில் வந்து நின்றாள். முகம் துடைத்த வெள்ளைத் துண்டில் சின்னச் சின்னக் கறுப்புத் துணுக்குகள். அவள் கேட்பதற்கு முன்பே நான்தான் அவசரப்பட்டு வாயைத் திறந்தேன்.

"உன் முடியே கொஞ்சம் வீக்மா. லோஷன் தாங்கல."

துண்டைப் பார்த்தபடி நின்றாள். "ஆமாக்கா. எனக்கு எல்லாமே வீக்தான்."

மை தீட்டித்தான் அன்று சாயங்காலம் போய் உட்கார்ந்தாள். அந்த வீட்டார் பிறகு சொல்லி அனுப்பவில்லை. காரணம் இமை முடிதானா, வேறு ஏதாவதா, அதுவும் எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு தினமும் முருங்கைக்கீரை சாப்பிட்டாள். படுக்கும்முன் இமையில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டாள். எண்ணெய் இல்லாவிட்டாலும் முடி முளைத்திருக்கும். மூன்று மாதத்தில் முளைத்தபோது என்னிடம் வந்து காட்டி, "எண்ணெய் வேலை செய்யுதுக்கா," என்றாள். நான் தலையாட்டினேன். பெர்மிங் சாமான்களையெல்லாம் அதற்கு முன்பே குப்பையில் போட்டுவிட்டேன். நாற்காலியையும் பிறகு விற்றுவிட்டோம்.

இரண்டு வருடம் கழித்து அவளுக்குக் கல்யாணம் நடந்தது, வண்டலூர்ப் பக்கம் குடிபோனாள். போன மாதம் அவளுடைய கைக்குழந்தையைப் பார்க்கப் போயிருந்தேன். பெண் குழந்தை. குளிப்பாட்டி மடியில் கிடத்தி, ஒரு விரல் நுனியில் விளக்கெண்ணெய் தொட்டு அந்தப் பிஞ்சு இமைகளில் தடவினாள்.

"எதுக்கும்மா இது?" என்றேன்.

"என்ன மாதிரி இவளுக்கும் வீக்கா போயிடக்கூடாதுல்லக்கா. அன்னைக்கு நீங்கதானே கண்டுபிடிச்சுச் சொன்னீங்க."

குழந்தை கண்ணைச் சுருக்கிக்கொண்டு அழுதது. என் பையன், அன்று வீங்கிய அதே நெற்றியோடு, அதற்குக் கிலுகிலுப்பை ஆட்டிக்கொண்டிருந்தான். சொல்லிவிட வேண்டும் என்று வாய்வரை வந்தது. காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது போய்ச் சொன்னால் அது அவளுக்காகவா, என் பாரம் குறையவா என்று பிரித்தறிய முடியவில்லை. சொல்லாவிட்டால் அந்த எண்ணெய் தினமும் அந்தக் குழந்தையின் கண்ணில் படும். படிக்கிறவர்களில் யாராவது இப்படி ஒரு பொய்யைத் தாமதமாகத் திருத்தியிருந்தால், எப்படி ஆரம்பித்தீர்கள்? முதல் வாக்கியம் என்னவாக இருந்தது? எனக்கு எழுதுங்கள்.