மாமிக்கு எரிமலை காட்டிய நாள்

பாரிஸில், லா சப்பலில் எங்கள் வீட்டு யன்னலைத் திறந்தால் நேரே கீழே ஒரு பயண முகவர் கடை. அதன் கண்ணாடியில் ஒட்டிய படங்கள் வருடக்கணக்காக மாறுவதில்லை. லூர்து மாதா கெபி, பழனி மலை, கடலுக்கு நடுவே பச்சைப் பசேலென்று ஒரு தீவு. அந்தப் பச்சை இப்போது வெயிலில் வெளிறி, காய்ச்சல்காரன் முகம்போல ஆகிவிட்டது. பால் வாங்க இறங்கும்போதெல்லாம் அதைக் கடந்துதான் போகவேண்டும். நான் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நடந்துவிடுவேன்.

அந்தத் தீவுக்கு நாங்கள் போயிருக்கிறோம். எரிமலை, நீர்வீழ்ச்சி எல்லாம் பார்த்தோம். நான் வேலைசெய்யும் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் இதைச் சொன்னபோது கூட வேலைசெய்கிறவர்கள் கண்ணை விரித்தார்கள். கொடுத்துவைத்தவள் என்று நினைத்திருப்பார்கள். அவர்களுக்கு விடுமுறை என்றால் கடலும் மலையும். எங்கள் ஆட்கள் விமானம் ஏறுவது பெரும்பாலும் வேறு காரணத்துக்காக. ஊருக்குப் போகமுடியாதவரும், ஊரைவிட்டு இங்கே வரமுடியாதவரும் நடுவில் ஏதாவது ஒரு நாட்டில் சந்தித்து அழுதுவிட்டுத் திரும்புவதற்காக.

என் கணவரிடம் இருப்பது அகதிகளுக்கான பயணப் பத்திரம். எல்லா நாட்டுக்கும் போகலாம், இலங்கையைத் தவிர. அப்படியென்று அதிலேயே எழுதியிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இருக்கும் அவருடைய அம்மாவுக்கு, என் மாமிக்கு, பிரான்ஸ் வர விசா கேட்டு மறுத்துவிட்டார்கள். இந்தியாவில் சந்திக்கலாம் என்றால் இவருக்கு விசா இழுபட்டுக்கொண்டே போனது. கடைசியில் கீழ்க்கடை முகவர்தான் மொரீசியஸ் என்று வழி சொன்னார். இரண்டு பக்கத்துக்கும் அதிகம் சிக்கலில்லையாம்.

சிக்கலே இல்லாத வழி ஒன்றும் இருந்தது. இவர் பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்தால் ஊருக்கே போய்வரலாம். அதற்கு மொழிப் பரீட்சை ஒன்று இருக்கிறது. நான் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டியே பிரெஞ்சு படித்தவள். தட்டுத் தடுமாறி எழுதி எடுத்துவிட்டேன். இவர் வந்த நாளிலிருந்து உணவகக் குசினிக்குள் நிற்கிறார். பக்கத்தில் நிற்பவரும் தமிழ், பாத்திரம் கழுவுகிறவரும் தமிழ். சூடு, கெதி, இரண்டு தட்டு, மூன்று தட்டு என்பதற்கு மேல் அங்கே மொழி தேவைப்படுவதில்லை. பரீட்சையில் இரண்டு தடவை விழுந்துவிட்டார்.

இதை அவர் அம்மாவுக்குச் சொல்லவில்லை. தொலைபேசியில் தனக்குப் பிரெஞ்சு தண்ணி பட்ட பாடு என்பார். அலுவலகத்தில் ஆள் பற்றாக்குறை, பத்திரம் வரிசையில் கிடக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் என்பார். மாமி அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவார். இவர் அவருக்கு ஒரே மகன். தான் கண்மூடினால் கொள்ளி வைக்க மகன் வந்துவிடுவான் என்ற ஒரு நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் அந்த மனுஷி இருந்தார். நானும் மகளும் என் புதுக் கடவுச்சீட்டோடு ஊருக்குப் போயிருந்தபோது, நான் மொழிப் பரீட்சை எழுதிய கதையைச் சொன்னேன். மாமி சிரித்தார். அப்படியென்றால் தன் மகனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

தீவில் முதல் நாள் காலை, விடுதியில் சாப்பாட்டு மேசையைக் கவனித்த பெண் பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். நான் பதில் சொன்னேன். மாமி என்னைப் பார்க்கவில்லை, மகனைப் பார்த்தார். இவருடைய முகம் சுருங்கியதைக் கண்டேன். அன்றிலிருந்து பிரெஞ்சு பேசவேண்டிய இடங்களில் நான் ஊமையாகிவிட்டேன். இவர் கையாலும் காலாலும் பேசிச் சமாளித்தார். மாமிக்கு உச்சி குளிர்ந்தது.

அந்தச் சுற்றுலாவும் இவருடைய யோசனைதான். மாமிக்கு முழங்கால் வலி. கடற்கரையில் கதிரை போட்டு மகனைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்றார். இவர் கேட்கவில்லை. அம்மா ஒன்றுமே பார்க்காமல் திரும்பிப் போகக்கூடாது என்று ஒரே பிடி. ஊர் திரும்ப ஒரு நாள்தான் இருந்தது. அந்த ஒரு நாளை ஒரு வான் வண்டிக்குள் அடைத்தோம். எங்களோடு ஒரு பிரெஞ்சுத் தம்பதி. முன்னால் வழிகாட்டி. நெற்றியில் திருநீறும் பொட்டும் பார்த்து மாமி அவரோடு ஆசையாகத் தமிழில் கதைக்கத் தொடங்கினார். அவருக்கு ஒரு சொல்லும் தெரியவில்லை. பூட்டன் காலத்தோடு தமிழ் போய்விட்டதாம். மாமி மகன் பக்கம் திரும்பினார்.

"அப்ப நீதான் எனக்குச் சொல்லவேணும்."

இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நானும் மகளும் பின் இருக்கையில். மகளுக்கு அப்போது பதினொரு வயது. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் அவள் பிரெஞ்சில்தான் பதில் சொல்லுவாள். தமிழ் விளங்கும், நாக்கு மட்டும் வராது.

எரிமலை என்றதும் நான் நெருப்பை நினைத்திருந்தேன். பார்த்தது ஒரு பள்ளம். சுற்றிவர மரங்கள், அடியில் சேறும் கொஞ்சம் தண்ணீரும், அதற்கு மேலே பனிப்புகார். வழிகாட்டி பிரெஞ்சில் விபரமாகச் சொன்னார். இது உறங்குகிற எரிமலை, செத்துவிட்டது என்று நினைக்கக்கூடாது, உள்ளே என்ன நடக்கிறதென்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது என்றார். மாமி மகனைப் பார்த்தார்.

"முந்தி ஒரு ராசா வெட்டின குளமாம், அம்மா," என்றார் இவர்.

மகள் சட்டென்று தலையை நிமிர்த்தினாள். "மே நோ, பப்பா," அப்படி இல்லை அப்பா என்று தொடங்கினாள். நான் அவள் தொடையில் கிள்ளினேன். அவள் என்னை முறைத்துவிட்டுத் திரும்பவும் கைபேசிக்குள் குனிந்தாள். ராசா ஏன் மலை உச்சியில் குளம் வெட்டவேண்டும் என்று மாமி கேட்டார். ராசாக்களுக்கு வேறு என்ன வேலை என்றார் இவர். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்திருக்கவேண்டும். அழுகைதான் வந்தது.

நாள் முழுக்க அதே கூத்து. வழிகாட்டி லாவாவைப் பற்றிச் சொன்னால் இவர் கரும்பாலையைப் பற்றிச் சொன்னார். காட்டுப் பறவை ஒன்றைக் காட்டினால், அது கொழும்பிலிருந்து கொண்டுவந்த காகம் என்றார். ஒவ்வொரு தடவையும் மகள் நிமிர, ஒவ்வொரு தடவையும் நான் கிள்ளினேன். எனக்கு இவர்மேல் ஆத்திரமாக வந்தது. பத்தாயிரம் கிலோமீற்றர் பறந்துவந்து, தாயோடு மனம்விட்டு நாலு வார்த்தை கதைக்காமல், தெரியாத மொழியை மொழிபெயர்த்துக்கொண்டு இருக்கிறாரே என்று. அதே நேரம் அவ்வளவு பாவமாகவும் இருந்தது. வானில் இருந்தவர்களில் களைத்துப்போனவர் இவர் ஒருவர்தான். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

பின்னேரம் நீர்வீழ்ச்சி. மேலே நின்று பார்க்கிற இடத்தில் இறக்கிவிட்டார்கள். நான் மகளைக் கழிப்பறைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அந்த நேரம் வழிகாட்டி இவரிடம் ஏதோ சொல்ல, இவர் நல்லது நல்லது என்று தலையாட்டியிருக்கிறார். நாங்கள் திரும்பி வந்தபோது, வான் இறக்கிவிட்ட இடத்துக்கே வரும் என்றார். நான் நம்பினேன். நீர்வீழ்ச்சி உயரமாகத்தான் இருந்தது. வெள்ளைத் துணி ஒன்றைத் தொங்கவிட்டதுபோல. பார்த்துக்கொண்டிருக்கும்போதே புகார் மூடி, சத்தம் மட்டும் மிஞ்சியது. பிறகு மழை பிடித்துக்கொண்டது.

இறங்கிய இடத்தில் வானும் இல்லை, அந்தப் பிரெஞ்சுத் தம்பதியும் இல்லை. ஒதுங்க ஒரு கூரையும் இல்லை. இவர் தன் சட்டையைக் கழற்றி அம்மாவின் தலைக்குமேல் பிடித்தார். மழை அதற்குக் கேட்கிறதா? மாமியின் சேலை நனைந்து காலோடு ஒட்டிக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார், வலி என்று சொல்லவில்லை. எத்தனை நேரம் நின்றோமோ தெரியாது, கடைசியில் வழிகாட்டி குடையோடு ஓடிவந்தார். கடுப்பில் இருந்தார். மற்றப் பக்கத்து வாசலுக்கு வரச்சொல்லித் தெளிவாகச் சொன்னேனே, நீங்களும் விளங்கியது என்றீர்களே, வயதான மனுஷியை மழையில் நிறுத்திவிட்டீர்களே என்று இவரைப் பிடிபிடியென்று பிடித்தார். இவர் ஓம் ஓம், மன்னிக்கவேண்டும் என்று தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னதையே திருப்பிச் சொன்னார். ஆள் விளங்காமல் நிற்கிறார் என்று கண்டதும் வழிகாட்டி மகளிடம் குனிந்து ஆறுதலாகச் சொன்னார். அவள் படபடவென்று பதில் சொன்னாள். நான் அப்போது கிள்ளவில்லை. கை விறைத்திருந்தது.

மாமி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னவாம் சொல்லுறார்?"

"பாதை மாறிப்போச்சாம், அம்மா. மன்னிப்புக் கேக்கிறார்."

மாமி கொஞ்ச நேரம் மகனின் முகத்தைப் பார்த்தார். வெற்று உடம்போடு, நனைந்த சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் நின்றார்.

"பாவம். அவரிலை பிழையில்லை எண்டு சொல்லு," என்றார் மாமி.

இவர் வழிகாட்டியிடம் திரும்பி, நன்றி என்று மட்டும் சொன்னார். வழிகாட்டிக்கு ஒன்றும் புரியவில்லை. குடையை மாமிக்குக் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தார். வானில் திரும்பும் வழியெல்லாம் மாமி அது என்ன, இது என்ன என்று கேட்டுக்கொண்டே வந்தார். இவரும் சொல்லிக்கொண்டே வந்தார். முன்பைவிட அதிகமாகக் கேட்டார் என்றுதான் எனக்குப் பட்டது.

அன்று இரவு விடுதியில் மாமியின் தலையைத் துவட்டிவிட்டேன். இவர் தேத்தண்ணி எடுக்கக் கீழே போயிருந்தார். மகள் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மாமி திடீரென்று என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இனிப் பிள்ளையைக் கிள்ளாதை."

துவாயை மடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அவன் ஒவ்வொருக்காச் சொல்லேக்கையும் பிள்ளை நிமிர்ந்து பாக்கிறாள், நீ கிள்ளுறாய். காலமையிலயிருந்து பாக்கிறன். அவனுக்கு அந்தப் பாசை தெரியாது. பாசை தெரியாட்டி அந்தப் பத்திரம் வராது. நீதானே ஊரிலை வைச்சு எனக்குச் சொன்னனீ."

சமாளிக்க ஏதோ சொல்லப் பார்த்தேன். மாமி கேட்கவில்லை. அவருக்குக் கண்ணீர் வரவில்லை, குரல்தான் உடைந்துபோனது. கொள்ளி தன் மகன் கையால்தான் என்று அத்தனை கோயிலிலும் கேட்டுக்கொண்டு இருந்தாராம். வேறு ஒரு ஆசையும் வைக்கவில்லையாம். இனித் தன் மகளின் பெடியனிடம், என் மச்சாளின் மகனிடம், சொல்லி வைக்கப்போகிறாராம். அவன் செய்யட்டும், ஆனால் மனம் ஆறாது என்றார். கடைசியாக, தனக்குத் தெரியும் என்பதை இவருக்குச் சொல்லக்கூடாது என்று என் தலையில் கைவைத்துக் கேட்டார். கதவு திறந்து தேத்தண்ணி வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு மாமி நல்ல சாயம் என்றார்.

விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு மகனின் கன்னத்தைத் தடவி, அவசரப்படாதே, பத்திரம் வரும்போது வா என்றார். இந்த வருடத்துக்குள் வந்துவிடுவேன் என்றார் இவர். இரண்டு பேரும் அவ்வளவு நன்றாகப் பொய் சொன்னார்கள். நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தேன்.

இவர் அதன்பிறகு சனிக்கிழமைகளில் பிரெஞ்சு வகுப்புக்குப் போகத் தொடங்கினார். நாள் முழுக்க அடுப்படியில் நின்ற மனுஷன் இரவு மேசையில் வினைச்சொல் மனப்பாடம் செய்வார், இரண்டாவது வரியில் தூங்கிவிடுவார். அதற்குள் பரீட்சையை இன்னும் கடினமாக்கிவிட்டார்கள். மாமியும் அவ்வளவு காலம் இருக்கவில்லை.

செத்தவீட்டை நாங்கள் கைபேசியில் பார்த்தோம். சீனி டின்னில் சாய்த்துவைத்து, மூவரும் மேசையைச் சுற்றி. இங்கே காலை, கீழே கடைக்காரர்கள் மரக்கறிப் பெட்டிகளை இறக்கும் சத்தம். அங்கே முற்றத்தில் பந்தல். மச்சாளின் மகன் ஈர வேட்டியோடு நின்றான். இப்போது லிசேயில், மேல்நிலைப் பள்ளியில், படிக்கிற மகளுக்கு இதெல்லாம் புதிது. அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பிரெஞ்சில் கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் இவர் சொல்லத் தொடங்கிவிட்டார். பிரெஞ்சில். அவள் நன்றாக விளங்கிக்கொள்ளவேண்டும் என்று.

சுண்ணம் இடிப்பது இது, பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிப்பது இது, நீ அங்கே இருந்திருந்தால் உன் கையிலும் ஒன்று இருந்திருக்கும் என்றார். சொற்களைத் தேடித் தேடி, பிழையாகவும் சரியாகவும், மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். இவரால் இவ்வளவு பேசமுடியும் என்று எனக்கே தெரியாது. அந்தப் பரீட்சைக்காரர்கள் அப்போது எங்கள் வீட்டில் இருந்திருக்கவேண்டும்.

பெட்டியைத் தூக்கினார்கள். மச்சாளின் மகன் கொள்ளிக்குடத்தைத் தோளில் ஏற்றினான். ஏன் நீங்கள் இல்லாமல் அவன் என்று மகள் கேட்டாள். இவர் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அப்பம்மாவுக்கு அவன்தான் செய்யவேண்டும் என்று ஆசை, தீவில் வைத்தே எனக்குச் சொல்லிவிட்டார், அவருடைய விருப்பப்படிதான் எல்லாம் நடக்கிறது என்றார் பிரெஞ்சில்.

தீவில், அந்த விடுதியில், அன்று இரவு மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாளே தவிர, தூங்கியிருக்கவில்லை. மாமி சொன்னதெல்லாம் அவள் காதிலும் விழுந்திருந்தது. இப்போது மேசைக்குக் கீழே என் கை தானாக அவள் தொடைப் பக்கம் போனது.

அவள் நிமிரவில்லை.

"ஓம் அப்பா," என்றாள், தமிழில்.