தலவில மண்ணில் மணத்த எண்ணெய்

பாலாவிச் சந்தித் தேநீர்க்கடையில்தான் எனக்கு அந்தச் செய்தி கிடைத்தது. "எண்ணெயை மூடின மனுசன் மவுத்தாப் போயிட்டாராம்," என்றார் நாங்கள் காக்கா என்று கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரர். சிலாபத்தில் சவிரிமுத்தர் இறந்துவிட்டார். 'எண்ணெயை மூடின மனுசன்' என்பது இந்தக் கரை அவருக்கு வைத்த பெயர். தேநீரைக் குடிக்காமலே எழுந்து வந்தேன். அவரை அறிந்தவர்களே, உங்களில் எத்தனை பேர் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தீர்கள்?

யுத்தத்துக்கு முன், கற்பிட்டிப் பக்கம் எண்ணெய் தேடி ஒரு வெள்ளைக்காரக் கொம்பனி வந்தது. சவிரிமுத்தர் அதன் இரசாயனர்; நான் நிலஅளவையாளன். கீழே எண்ணெய் இருந்தால் அதன் வாயு மெல்லக் கசிந்து மேல்மண்ணுக்கு வரும் என்பது கணக்கு. துளைக்கோலால் மண்ணெடுத்துப் போத்தலில் அடைத்துச் சோதிப்போம்; கண்ட அளவை நிலப்படத்தில் அந்தந்த இடத்தில் குறிப்போம். ஒத்த அளவுகளைக் கோட்டால் இணைத்தால், எங்கே கிணறு தோண்டலாம் என்று தெரியும். சவிரிமுத்தர் மகா முன்கோபி. என் புள்ளி ஒன்று சற்று விலகினாலும், "கண்ணைக் கழட்டி வீட்டில வச்சிட்டோ வந்தனீர்?" என்பார்.

தலவில புனித அன்னம்மாள் கோவில் வளவில் அளவுகள் எகிறின. கொம்பனியின் வெள்ளைக்காரத் துரைக்குத் தலைகால் புரியவில்லை. அன்றே மேலிடத்துக்குத் தந்தி அடித்தார். பக்கத்து ஊரான மாம்புரிக்காரரின் தென்னந்தோட்டங்களையும் கொம்பனி எடுக்கப்போவதாகக் கதை பரவியது. சவிரிமுத்தர் மட்டும் படத்தை முறைத்துக்கொண்டிருந்தார். கூடிய அளவுகள் எல்லாம் மரத்தடிகளில் இருந்தன, வெட்டவெளியில் ஒன்றுமில்லை. "நிலத்துக்குக் கீழ கிடக்கிற எண்ணெய்க்கு நிழல் வேணுமோ?" என்று என்னிடம் கேட்டார்.

மறுநாள் அதே இடங்களில் இன்னும் ஆழமாகத் துளைத்தோம். ஆழம் கூடக் கூட அளவு குறைந்தது. கீழிருந்து ஏறி வருவது அப்படிக் குறையாது. சவிரிமுத்தர் மேல்மண்ணை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். கோவில் திருநாளுக்கு வரும் குடும்பங்கள் வருடாவருடம் தத்தம் மரத்தடியில்தான் குடில் போடும். எறும்பு வராதிருக்கக் குடிலைச் சுற்றி மண்ணெண்ணெய் ஊற்றும். தன் தாயும் ஊற்றியவர்தான் என்றார்.

துரை கேட்கவில்லை. அந்தப் புள்ளிகளை வளைத்துக் கோடு போட்டே தீரவேண்டும் என்றார். முடியாது என்று அவருக்கு ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, சவிரிமுத்தர் என் பக்கம் திரும்பினார். "ஊத்தினது நாங்கள். அதைக் காட்டி எங்கட சனத்தின்ர காணியைப் பறிக்க என்ர கையால கோடு போடமாட்டன்."

அத்தோடு அவருக்கு வேலை போயிற்று. பின்னர் மேலிடம் அனுப்பிய வேறொருவரும் தோண்டிப் பார்த்து அதையே சொல்ல, கொம்பனி மூட்டை கட்டியது. துரையோ தன் மானத்தைக் காக்க, சவிரிமுத்தர்தான் மாம்புரியில் லஞ்சம் வாங்கிப் படத்தைக் கெடுத்து எண்ணெயை மூடிவிட்டார் என்று சொல்லிவிட்டுக் கப்பலேறினார். வெட்கங்கெட்ட பொய்! அதை எங்கள் சனம் நம்பியதே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எண்ணெய் வந்தால் வேலை வரும் என்று காத்திருந்தவர்களுக்குத் திட்ட ஓர் ஆள் தேவைப்பட்டது. அவரால் தோட்டம் தப்பிய மாம்புரிக்காரரும் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. ஊரைக் கூட்டி உண்மையைச் சொல்லும்படி நான் எவ்வளவோ கேட்டேன். "நான் படத்தில சொல்லிப்போட்டன்," என்று வாயை மூடிக்கொண்டார். மூடியபடியே போய்விட்டார்.

அவர் வீசிவிட்டுப் போன துளைக்கோல் என்னிடம் இருக்கிறது. வருகிற திருநாளுக்கு அதைத் தோளில் போட்டுக்கொண்டு தலவிலைக்குப் போவேன். சவிரிமுத்தரை லஞ்சக்காரன் என்பவன் எவனானாலும், அவன் குடிலடி மண்ணையே கிளறி அவன் மூக்கருகே பிடித்து, இது யார் ஊற்றிய எண்ணெய் என்று கேட்பேன்.