தைத்த படகில் ஓர் இருக்கை

என் பெரியப்பா தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. மருத்துவமனைச் சீருடை, ஓட்டல் ஆட்களின் மேல்சட்டை, பள்ளிக்கூடக் கால்சட்டை என்று மொத்தமாக வரும் வேலைகளைச் செய்வார். துணியை மேசையில் விரித்து, சாக்பீஸால் கோடு போட்டு, கத்தரிக்கோலை ஒருமுறை உள்ளே விட்டால் அது மறுமுனையில்தான் வெளியே வரும். நடுவில் நின்று யோசித்து நான் பார்த்ததில்லை.

பெரியம்மா தன் மகள் வீட்டுக்குப் போய் ஐந்தாவது வருடம். பிரசவம் பார்க்கப் போனவர். பாப்பாவுக்குப் பல் முளைக்கட்டும், நடக்கட்டும் என்று தங்கினார். அதற்குள் அக்கா வேலைக்குத் திரும்பிவிட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. யாரும் யாரையும் விட்டுப் போகவில்லை. கட்டிலில் பெரியம்மா படுக்கும் பாதியில் மட்டும், தைத்து முடித்த சீருடைகள் அடுக்கடுக்காக ஏறிக்கொண்டிருந்தன.

ஏரிக்கரைப் படகுக் கழகத்திலிருந்து கிழிந்த பாய்த்துணி ஒன்று தைக்க வந்ததில்தான் எல்லாம் தொடங்கியது. தைத்ததைக் கொடுக்கப் போன பெரியப்பாவிடம் அங்கிருந்த மேலாளர் ஒரு சின்ன மரப்படகைத் தட்டிக் காட்டி, “இதுவும் தைச்சதுதான் மாஸ்டர்” என்றிருக்கிறார். ஒட்டுப்பலகைகளின் ஓரத்தில் துளை போட்டு, செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் பசை இட்டு, அது இறுகியதும் கம்பியை உருவிவிடுவார்களாம். ஆணியே கிடையாதாம். பெரியப்பா படகை விட்டுவிட்டு அந்த மூட்டுகளையே தடவித் தடவிப் பார்த்திருக்கிறார். கொஞ்ச நாளில், அவர் சொல்லி வரவழைத்த பலகைகள், கம்பிச்சுருள், பசை டின்கள், பாய் எல்லாம் ஒரு நீளமான பெட்டியில் வீடு வந்து சேர்ந்தன.

“சட்டைக்குப் பொத்தான் வைக்கவே நான் நாலு தடவை ஞாபகப்படுத்தணும். இவருக்குப் படகு கேக்குதாம்” என்றார் பெரியம்மா போனில். பெரியப்பா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். கைக்கு வேலை இருக்கும்.

“ரெண்டு பேர் போலாம்டி. முன்னால ஒரு சீட்டு, பின்னால ஒரு சீட்டு.”

“எனக்கு நீச்சல் தெரியாது.”

“எனக்கு மட்டும் தெரியுமாக்கும்?”

பெரியம்மா சிரித்தார். பின்னால் பாப்பா அழுத சத்தம் கேட்டது, போன் நின்றுவிட்டது. பெரியப்பா பெட்டியின் பக்கம் திரும்பி, பலகைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார்.

செய்முறைப் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் வாசித்து, தமிழில் சொல்வேன். தைப்பது எப்படி என்ற பக்கம் வந்ததும் பெரியப்பா கையைத் தூக்கினார்.

“தையலைப் பத்தி எனக்கே பாடம் நடத்துதா உன் புஸ்தகம்? அடுத்த பக்கத்துக்குப் போம்மா.”

போனேன். ஒரு வாரத்து மாலைகளில் கூடத்தின் நாற்காலிகளெல்லாம் சுவரோரம் ஒதுங்கி, நடுவில் படகு எழுந்து நின்றது. தையல் அவ்வளவு அழகு. இடைவெளி ஒரே சீர். வெளிப்பக்கம் ஒரு முடிச்சு கண்ணில் படவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பசை பற்றி வாசித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கம்பியின் முறுக்கு வெளிப்பக்கம் இருக்க வேண்டும். பசை உள்பக்கம் போக வேண்டும். பெரியப்பா சட்டை தைக்கிற மாதிரி முடிச்சுகள் அத்தனையையும் உள்ளே போட்டிருந்தார். அப்படியே பசையிட்டால் எல்லாம் அதற்குள் புதைந்துவிடும். ஒன்றைக்கூட உருவ முடியாது.

அவர் குனிந்து உள்பக்கத்தை விரலால் தடவினார். “முடிச்சு வெளிய தெரிஞ்சா அது என்ன தையல்?” என்றார், என்னிடம் அல்ல. பிறகு குறடை எடுத்துப் பிரிக்க ஆரம்பித்தார்.

திரும்பத் தைக்க ஓர் ஆள் உள்ளே இருந்து மூட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மாடியில் குடியிருக்கும் பஸ் டிரைவர் வந்தார். கனத்த மனிதர். முழங்கால் தாடையைத் தொட, படகுக்குள் மடங்கி உட்கார்ந்தார்.

“என்ன மாஸ்டர், படகுக்குக் காலர் வைக்கலையா?”

“வாயை மூடிக்கிட்டுப் பலகையை அமுக்குய்யா.”

“பஸ்ஸுல எத்தனை பேரை அடைச்சிருப்பேன். அவங்க பாவமெல்லாம் இப்ப என் முட்டியில வந்து நிக்குது. ஆமா, அக்கா எப்ப வராங்க? அவங்க வந்து உக்கார வேண்டிய எடத்துல நான் உக்காந்திருக்கேன்.”

பெரியப்பா குறடால் இன்னும் இறுக்கி முறுக்கினார். கம்பி பட்டென்று அறுந்தது. வேறு கம்பி எடுத்தார்.

பசை இறுகியது. கம்பிகள் உருவப்பட்டன. தேய்த்து, வார்னிஷ் பூசி, பாய்மரம் பொருந்துகிறதா என்று பார்த்தாயிற்று. மிஞ்சியது உட்காரும் பலகை. அது ஒரே நீளப் பலகையாக வந்திருந்தது. தனியாகப் போகிறவர் அதை முழுசாக, படகின் நீளவாக்கில் நடுவே பதிக்க வேண்டும். இருவர் என்றால் அதைப் பாதியாக அறுத்து, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று குறுக்கே பதிக்க வேண்டும். பசை பிடித்த பின் மாற்ற முடியாது.

பெரியப்பா சரிபாதியில் பென்சில் கோடு போட்டார். ரம்பமும் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் பலகை வெட்டுமேசையில் சாய்ந்தபடியே கிடந்தது. அதைச் சுற்றிச் சுற்றித் துணி வெட்டினார்.

“இன்னிக்கு அறுத்துடலாமா பெரியப்பா?” என்பேன்.

“அவளை ஒரு வார்த்தை கேட்டுட்டு.”

கேட்க மாட்டார். காஸ் வந்ததா, பாப்பாவுக்குச் சளி விட்டதா, தண்ணித் தொட்டி கழுவியாயிற்றா என்று ஊர்ப்பட்ட பேச்சு நடக்கும். போனை வைத்த பிறகு பலகையைத் துணியால் துடைத்து, பழைய இடத்திலேயே சாய்த்துவைப்பார்.

ஏரியில் காற்று நன்றாக அடிக்கும் மாதம் வந்தது. கழக மேலாளர் போன் செய்து, படகைக் கொண்டுவரச் சொன்னார். அன்றைக்குத்தான் பெரியப்பா பெரியம்மாவைக் கூப்பிட்டதும் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டார். பிறகு என்ன நினைத்தாரோ, மறுபடி ஸ்பீக்கரில் போட்டார்.

“ஒண்ணு கேக்கணும். நேரா சொல்லு. நீ வரியா?”

“எங்க, ஏரிக்கா?”

“வீட்டுக்கு.”

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் நின்றது.

“சாயங்காலம் பாப்பா ஸ்கூல் விட்டு வந்தா யாருங்க கதவைத் திறப்பா? ராத்திரி என் பக்கத்துலதான் தூங்குறா. நீங்க இங்க வந்துடுங்களேன். மெஷினை எங்க வேணா போட்டுக்கலாம்.”

“கடை இருக்கே.”

“ம்.” குழாய் மறுபடி ஓடியது. “வரமாட்டேன்னு சொல்லலைங்க” என்றார் பெரியம்மா.

“தெரியும்டி.”

போனை வைத்ததும் பெரியப்பா உப்புத்தாளை எடுத்துப் பென்சில் கோட்டைத் தேய்த்தார். கோடு போன பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பசையைக் கலக்கி, முழுப் பலகையை நடுவில் வைத்து, அது எழும்பாமல் இருக்க இரண்டு இஸ்திரிப் பெட்டிகளை மேலே ஏற்றினார்.

முன்னறை ஷட்டர் வழியாகப் படகை வெளியே எடுத்தோம். டிரைவரும் அவருடைய நண்பர்களும் லாரியில் ஏற்ற, நான் பாயைச் சுமந்தேன். கழக மேலாளர் பக்கத்தில் வேறொரு படகில் போக, மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு பெரியப்பா கயிற்றைப் பிடித்தார். முதலில் தடுமாறினார். பாய் காற்றை வாங்கியதும் படகு ஏரியின் நடுவை நோக்கி நேராகப் போயிற்று. கரையிலிருந்து டிரைவர் கையை ஆட்டிக் கூப்பிட்டார். பெரியப்பா திரும்பிப் பார்க்கவில்லை. முதுகு மட்டும் தெரிந்தது.

அன்று சாயங்காலம் பெரியம்மாவே போன் செய்தார்.

“கவுந்துடலையே?”

“இல்ல. நல்லா போச்சு.”

“எனக்கு எங்க எடம் வெச்சிருக்கீங்க? முன்னாலயா, பின்னாலயா?”

“நடுவுல ஒண்ணுதான் போட்டேன்.”

“அதுவும் சரிதான். தனியா போறப்ப ஆடாம இருக்கும்ல?”

“ஆமா. ஆடல.”

இருவரும் போனை வைக்கவில்லை. அங்கே பாப்பா எழுத்துக்கூட்டி எதையோ படித்துக்கொண்டிருந்தாள். இங்கே பெரியப்பா மறுநாள் வெட்ட வேண்டிய துணியை மேசையில் விரித்து, சுருக்கங்களை உள்ளங்கையால் நீவிக்கொண்டிருந்தார்.