படம் நின்றால் வைத்துவிடு

குற்றாலத்தில் சீசன் என்றால் ஊருக்கே கொண்டாட்டம், எனக்கு எரிச்சல். எங்கள் வீடு லாட்ஜ்களுக்குப் பின்தெருவில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் என் கணவர் சவூதியிலிருந்து வீடியோவில் வருவார். இங்கே அப்போது மூன்றரை மணி. அதுவரை பட்டினி கிடப்பேன். போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து, அவர் அங்கேயும் நான் இங்கேயுமாகச் சேர்ந்து சாப்பிடுவோம். கல்யாணமான ஆறு வருஷத்தில் பெரும்பாலும் இப்படித்தான்.

சீசனில் லாட்ஜ்கள் நிறைந்தால் எங்கள் வைஃபை திணறும், படம் உறைந்துவிடும். எங்களுக்குள் ஒரு ஏற்பாடு: படம் நின்றால் பேசாமல் வைத்துவிட்டு மறுபடி கூப்பிட வேண்டும். போன வருஷம் அது கவளத்துக்கு ஒரு தடவை என்று ஆனது. லாட்ஜ் மாடியில் போன் கம்பெனிப் பெட்டி ஒன்று வேறு புதிதாய் முளைத்திருந்தது.

வைஃபை சரிபார்க்க வந்தவரிடம் பொரிந்து தள்ளினேன்.

"இந்த அலைவரிசைக்கு லைசென்ஸ் கிடையாதுக்கா. மெயினருவி மாதிரி, யாரு வேணும்னாலும் நிக்கலாம். உங்க வைஃபை, ஆளு விலகட்டும்னு காத்து நிக்கு. அந்தப் பெட்டியும் இப்ப இதே அலைவரிசைலதான் வீடியோ அனுப்புது. ஆனா விலகாம நின்னு குளிக்கு."

"அப்ப என் வீட்டுக்காரர் மூஞ்சிய நான் எப்பப் பாக்க?"

வைஃபைக்காரர் சிரிக்கவில்லை. அந்தக் கம்பெனியில் தெரிந்தவரிடம் சொல்லிவிட்டிருக்கிறார். இரண்டு வாரத்தில் போன் செய்தார். "முறை வச்சுட்டாங்கக்கா. இனி அதும் கொஞ்ச நேரம் நின்னு விட்டுக் குடுக்கும்."

அடுத்த வெள்ளி படம் கண்ணாடியாக வந்தது. என் வீட்டுக்காரர் தாடியில் நரை விழுந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன். வெளியே சாரல்.

"ஏட்டி, சன்னல் பக்கம் காட்டு."

காட்டிவிட்டுத் திருப்பினால், தட்டில் கை வைத்தபடி அசையாமல் இருந்தார். பழக்க தோஷம், வைத்துவிட்டேன். மறுபடி கூப்பிட்டதும், "நெட்டு போயிட்டு" என்றார்.

அதற்கடுத்த வெள்ளியும் சாரலைக் காட்டச் சொன்னார். காட்டினேன். மறுபடியும் அதே நிலை. என் விரல் சிவப்புப் பொத்தானுக்குப் போய்விட்டது. அப்போதுதான் கவனித்தேன், அவர் தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

படம் நிற்கவே இல்லை. ஆறு வருஷத்தில் எத்தனை தடவை இப்படி முகத்தில் அடித்தாற்போல் வைத்திருப்பேனோ. அந்த நிமிஷம் அவர் பக்கத்தில் போய் உட்கார வேண்டும் என்று வந்த ஆசையை எங்கே கொண்டு வைப்பது என்று தெரியவில்லை.

"மச்சான், நான் வைக்கல. இங்கனதான் இருக்கேன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நெட்டைக் குறை சொல்லவில்லை.