காந்தாவுக்கு விட்டு வைத்த சுவர்

பொம்மசந்திராவில் நாங்கள் வேலை பார்த்த கார்மென்ட் பேக்டரியில் எனக்கு அடுத்த மெஷின் காந்தாவுடையது. காலர் தைப்பாள். வாய் கொஞ்சம் நீளம். சூப்பர்வைசர் கத்திவிட்டு நகர்ந்ததும் அதே குரலில் கத்திக் காட்டி வரிசையையே சிரிக்க வைப்பாள். ஹெப்பகோடியில் மாமியாரோடு ஒண்டுக் குடித்தனம். பிறந்த ஊர் தர்மபுரி பக்கம், அப்பா அம்மா இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை என்று சொல்லியிருந்தாள். நாங்களும் நம்பிவிட்டோம்.

அப்பா அம்மா இல்லை என்பது மட்டும் நிஜம், மற்றதெல்லாம் பொய். அவள் இருளர் பெண். பன்னேர்கட்டா காட்டோரம் அவர்கள் குடியிருப்பு. பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அங்கே முனிகிருஷ்ணன் என்று சொந்த அண்ணன் ஒருவர் இருந்தார். இதெல்லாம் அவள் புருஷன் நரேஷுக்கு மட்டும் தெரியும். "எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா தட்டுல சோறு போடாது, வாயை மூடிக்கினு இரு" என்று சொல்லி வைத்த மகானும் அவன்தான்.

ஒரு தடவை கோடவுனில் எலி புகுந்து துணிக்கட்டைக் கடித்துப் போட்டது. "இருளனுங்களைக் கூப்பிடுங்கப்பா, புடிச்ச எலியையே கூலியா எடுத்துக்குவானுங்க" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தோம். காந்தாதான் எங்களைவிடச் சத்தமாகச் சிரித்தாள்.

2003-ல் அந்தக் குடியிருப்பில் வீடு கட்டும் வேலை ஆரம்பித்தது. முன்பு சர்க்கார் கட்டிக் கொடுத்த ஷீட் வீடுகள் வெயிலில் கொதித்தன, மழையில் ஒழுகின. ஆட்டை உள்ளே கட்டிவிட்டு மனிதர்கள் வெளியே படுத்தார்கள். நகரத்திலிருந்து கட்டடம் படித்த சில பிள்ளைகள் வந்து பேச, ஊரே கூடி உட்கார்ந்து, தங்கள் பழைய மாதிரியிலேயே கட்டிக்கொள்வது என்று முடிவு செய்தது. மூங்கில் தட்டி, மண் பூச்சு, காட்டுப்புல் கூரை. கூலிக்கு ஆள் வைப்பதில்லை. அந்தந்த வீட்டுக்காரர்களே எழுப்ப வேண்டும். முன்சுவரில் வாசலை ஒட்டிய பகுதியை மட்டும் அந்த வீட்டில் பிறந்த பெண்கள்தான் பூச வேண்டும். கட்டிக்கொடுத்துப் போனவளாக இருந்தாலும் வந்து பூசிவிட்டுத்தான் போக வேண்டும்.

முனிகிருஷ்ணன் வீட்டில் பிறந்த ஒரே பெண் காந்தா. ஹெப்பகோடி எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்து அவளைக் கூப்பிட்டார். "வர்றேண்ணா" என்றாள். போகவில்லை. திரும்பக் கூப்பிட்டார். அதற்கும் வர்றேன் என்றாள்.

கடைசியில் போனாள், பேக்டரி பஸ்ஸில். வெல்ஃபேர் ஆபீசர் மௌரீன் மேடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏதோ ஊரில் வீடு கட்ட ஒத்தாசை என்று எங்களைச் சிரமதானத்துக்குக் கிளப்பினார். ஆளுக்கொரு தொப்பி, மதியம் பிரியாணி. எந்த ஊர் என்று யார் கேட்டோம்? பிரியாணி மட்டனா சிக்கனா என்று கேட்டோம். ஜிகணி தாண்டி பஸ் காட்டுப் பக்கம் திரும்பியதும் காந்தா பேச்சை நிறுத்திவிட்டாள். பஸ் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்து எலுமிச்சம்பழம் கொடுத்தேன்.

இறங்கியதும் சொம்போடு ஒருவர் வந்தார். காந்தாவைப் பார்த்தார். அவள் தொப்பியைப் பார்த்தார், பின்னால் நின்ற எங்களைப் பார்த்தார். "நமஸ்காரா மேடம், நீரு பேக்கா?" என்று, முன்பின் தெரியாதவளிடம் கேட்பதுபோல் கன்னடத்தில் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். அவர்தான் முனிகிருஷ்ணன். அவளை இடுப்பில் தூக்கி வளர்த்தவர்கள் அங்கே எத்தனை பேர் இருந்தார்கள்! அவர் அப்படிக் கேட்டதும் ஒருவரும் அவளைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அவர் வீட்டு முன்சுவரில் வாசலை ஒட்டி ஒரு முழ அகலத்துக்கு மண் பூசாமல் மூங்கில் தெரிந்தது. மௌரீன் மேடம் ஏன் என்று கேட்டார்.

"அது என் தங்கச்சி பூசறதுக்கு மேடம். வருவா."

"எப்ப வருவாங்க? அதுக்குள்ள மழை வந்துடும்பா. ஏ காந்தா, நீ வா, பூசு. ஒரு போட்டோ எடுத்துக்கலாம்."

முனிகிருஷ்ணன் மண் சட்டியை எடுத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் நின்றார். அவள் மண்ணை அள்ளி அப்பி, புறங்கையால் வழித்து விட்டாள். பக்கச் சுவர்களில் நாங்கள் பூசியது கோணலும் மாணலுமாக இருந்தது. இவளுடையது தகடு மாதிரி நின்றது.

"இன்னாடி, பழகின கை மாதிரி இருக்கு?" என்றேன். சும்மா கேட்டதுதான்.

"எங்க வீட்டுக்கு வேலைக்கு வர்ற இருளச்சிங்க பூசுவாங்கக்கா. பாத்திருக்கேன்" என்றாள்.

முனிகிருஷ்ணன் சட்டியைக் கீழே வைத்தார். தண்ணீர் கொண்டு வருவதாகச் சொல்லிப் போனவர், பஸ் கிளம்பும் வரை எங்கள் கண்ணில் படவில்லை. காந்தா பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

அடுத்த வாரம் அந்தப் போட்டோவை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். அதைத் தாண்ட முடியாமல் காந்தா கோடவுனைச் சுற்றிக்கொண்டு வருவாள். சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். "எங்கண்ணன் கையில மண்ணு வாங்கி, அவரு முன்னாடியே அப்படிச் சொன்னேனேக்கா. நான் மனுஷியாக்கா?" எலிக் கதைக்குச் சிரித்தவள்தானே நானும். அவமானமாக இருந்தது. அண்ணனைப் போய்ப் பார், நானும் கூட வருகிறேன் என்றேன். மறுநாள், இருளர் குடியிருப்பில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போவதாக மாமியாரிடம் சொல்லிவிட்டே கிளம்பியிருந்தாள். அந்த வீட்டில் என்ன கூத்து நடந்ததோ, கன்னம் வீங்கியிருந்தது.

முனிகிருஷ்ணன் வாசலில் ஒரு குழியில் மண்ணைக் கொட்டித் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "நமஸ்காரா மேடம்" என்றார், எனக்கும் அவளுக்கும் சேர்த்து.

காந்தா சுவரைப் பார்த்தாள். அவள் பூசிய இடம் முழுக்கச் சுரண்டப்பட்டு, பழையபடி மூங்கில் தெரிந்தது.

"நான் பூசுனது எங்கேண்ணா?"

அண்ணா என்று அவள் என் எதிரில் சொன்னதைக் கேட்டு அவர் என்னைத்தான் முதலில் பார்த்தார். பிறகு சொன்னார்.

"அது பேக்டரி மேடம் பூசுனது. பேத்துட்டேன். என் தங்கச்சி வந்தா எங்க பூசுவா?"

அவள் அழுவாள் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"மண்ணு இன்னும் பதமாவல. மிதிக்கணும். எறங்கு" என்றார்.

அவள் புடவையைச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். சாயங்காலம் வரை மிதித்தாள், பூசினாள். அண்ணனின் முகத்தை மட்டும் அவள் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.